உண்டியலில் விழுந்த நாலு தாலர்

ஜார்ஜ்டவுனில் ஜெர்மனி என்று பேச்செடுத்தால் பழைய ஆட்களுக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று பென் மேயர் கம்பெனி. இன்னொன்று எம்டன். 1914 அக்டோபர் 28 விடிகாலையில், இருக்கிற மூன்று புகைபோக்கியோடு போலியாக நாலாவது ஒன்றையும் மாட்டிக்கொண்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து, நங்கூரமிட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஷெம்ச்சுக்கை மூழ்கடித்துவிட்டுப் போன கப்பல். அதற்கு ஒரு மாதம் முன்புதான் சென்னையில் குண்டு போட்டிருந்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை ஜெர்மனி என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ் ஆராதனை நடக்கும் புராட்டஸ்டண்டு சபைகளில் ‘ஞானப்பாட்டு’ என்று எண்ணைச் சொல்லி அறிவித்துவிட்டு எழுந்து நின்று பாடுகிறார்கள் அல்லவா, அந்தப் பாட்டுகளில் ஒரு பகுதி ஜெர்மன் மெட்டுகள். வெள்ளைக்காரன் மெட்டு என்றால் இங்கிலீஷ்காரன் மெட்டு என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மையில் அவற்றின் வழியைப் பின்பற்றிப் போனால் நாகப்பட்டினம், தரங்கம்பாடி எல்லாம் தாண்டி, ஜெர்மனியின் ஹாலே என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. ‘லத்தினா ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே’ என்று பெயர். ஐந்தாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழக நுழைவு வரை கொண்டுபோகும் அரசு உயர்நிலைப் பள்ளி. இசைக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. அது இசைப் பள்ளியாகப் பிறந்ததல்ல. அதைத் தொடங்கியவர் இன்று வந்து பார்த்தால் இசை விஷயத்தில் சந்தோஷப்படுவாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஒரு பாதிரியார். 1663-இல் லூபெக்கில் பிறந்தவர். லைப்சிக்கில் பைபிள் வகுப்பு நடத்தி, அங்கே இருந்த பெரிய பண்டிதர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். எர்ஃபுர்ட்டுக்குப் போனார், அங்கிருந்தும் வெளியேற்றினார்கள். 1692-இல் ஹாலே நகரத்து மதிலுக்கு வெளியே இருந்த கிளௌகா என்ற சேரிக்குப் பாதிரியாராக வந்து சேர்ந்தார். பத்து வருஷம் முன்பு வந்த கொள்ளைநோய் அந்த இடத்தைத் துடைத்துப் போட்டிருந்தது. இருந்த இருநூறு வீடுகளில் 37 சாராயக் கடைகள் என்று சொல்வார்கள். தோட்டப்புறத்துக் கள்ளுக்கடைகளைப் பற்றிக் கேள்விப்பட்ட மலேசியத் தமிழருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

பிச்சை கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுப்பதற்கு முன்னால் ஃபிராங்கே நாலு கேள்வி கேட்பார். பதில் வராது. எழுத்துத் தெரியாது, ஜெபம் தெரியாது. வீட்டில் ஒரு உண்டியலைத் தொங்கவிட்டார். 1695 ஈஸ்டர் சமயத்தில் ஒரு பெண்மணி அதில் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டார்: நாலு தாலர், பதினாறு குரோஷன். தாலர் என்பது வெள்ளிக் காசு; இருபத்துநாலு குரோஷன் சேர்ந்தால் ஒரு தாலர். அந்தக் காசைக் கையில் எடுத்த ஃபிராங்கே, இது நல்ல முதல், இதை வைத்து ஏழைப் பள்ளி ஒன்று தொடங்கிவிடலாம் என்று முடிவு கட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அன்றைக்கே இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். வாரத்துக்கு ஆறு குரோஷன் சம்பளத்தில், தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தர ஒரு ஏழை மாணவனை அமர்த்தினார். பிள்ளைகளுக்கு 27 புத்தகங்கள் கொடுத்தார்கள். பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவை நாலு. மற்றதெல்லாம் விற்றாயிற்று, அல்லது பிள்ளைகளோடு சேர்ந்து காணாமல் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ‘இதுகளுக்கெல்லாம் படிப்பு எதற்கு’ என்று உண்டியலைக் கழற்றியிருப்பார்கள். ஃபிராங்கே மறுபடி புத்தகம் வாங்கினார். இந்த முறை பாடம் முடிந்ததும் புத்தகத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். அவ்வளவுதான் மாற்றம். பள்ளி நடந்தது.

அவருடைய படிக்கும் அறைக்கு முன்னால் இருந்த அறைதான் முதல் வகுப்பறை. அங்கிருந்து அது பெருகிய வேகம் வியப்பூட்டுவது. காசு கட்டக்கூடிய பெற்றோர் எங்கள் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்தார்கள். பிரபுக்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, பல்கலைக்கழகம் போகத் தகுதியான சாதாரண வீட்டுப் பையன்களுக்கு லத்தீன் பள்ளி, பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று சில வருஷங்களுக்குள் வரிசையாக வந்துவிட்டன. 1698-இல் அநாதை இல்லத்துக்கு அஸ்திவாரக் கல் வைத்தார்கள். நன்கொடையை மட்டும் நம்பி இது ஓடாது என்று தெரிந்துகொண்டு மருந்துக்கடை வைத்தார். அச்சகமும் புத்தகக்கடையும் வைத்தார். ஹாலே மருந்து ஐரோப்பா முழுக்க விற்றது. 1727-இல் ஃபிராங்கே இறந்தபோது அந்த வளாகத்தில் 2,000 பேருக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள். லத்தீன் பள்ளிதான் இன்றைய லத்தினா.

இதில் இசை எங்கே வந்தது?

முன்வாசல் வழியாக வரவில்லை. ஃபிராங்கேயும் அவர் கூட்டத்தாரும் பக்தி இயக்கக்காரர்கள். நாடகம், நடனம், சீட்டாட்டம், ஆப்பெரா எல்லாம் ஆத்துமாவுக்குக் கேடு என்று நம்பியவர்கள். கோயிலில் கூட, இத்தாலியப் பாணியில் குரலை வளைத்து நெளித்துப் பாடுகிற அலங்கார இசை அவர்களுக்குப் பிடிக்காது. பிள்ளைகள் விளையாடுவதையும் விரும்பவில்லை. ஓய்வு நேரத்தில் கடைசல் வேலை, கண்ணாடி தேய்ப்பது, மூலிகைத் தோட்டம் என்று உபயோகமாக ஏதாவது செய்யச் சொன்னார்கள்.

ஆனால் பாட்டு வேறு. எல்லாரும் சேர்ந்து, சொல் புரியும்படி, மனமுருகிப் பாடுகிற பாட்டு அவர்களுக்கு ஜெபத்தின் இன்னொரு வடிவம். ஃபிராங்கேயின் உதவியாளராக இருந்து பின்னால் மருமகனான ஃபிரைலிங்ஹௌசன், 1704-இல் ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். 683 பாடல்கள். பலவற்றுக்கு மெட்டையும் அடித்தள ஸ்வரத்தையும் சேர்த்தே அச்சடித்திருந்தார். அதிலிருந்த புது மெட்டுகள் சில துள்ளலாக, மூன்று மூன்று எண்ணிக்கையில் போகும். விட்டன்பர்க் பல்கலைக்கழகத்துப் பண்டிதர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது தேவாராதனைக்கு ஆகாது, குதித்து ஆடுகிற மெட்டு என்று கண்டித்து அறிக்கை விட்டார்கள். ஆட்டத்தையே வெறுத்தவர்கள் மேல் ஆட்டப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று பழி! பக்தி இயக்கங்கள் எல்லாவற்றுக்கும் இது நடக்கும் போலிருக்கிறது.

பள்ளி இசைக்கு இரண்டாவது வேர் ஒன்று உண்டு. அது ஃபிராங்கேயை விட ஐந்நூற்றுச் சொச்சம் வருஷம் பழையது. 1116-இல் ஹாலேயில் அகஸ்தீனியத் துறவிகளின் மடம் ஒன்று ஏற்பட்டது. அங்கே பாடுவதற்கென்று வைத்துக்கொண்ட பையன்களிலிருந்துதான் ஹாலே நகரப் பாடகர் குழு தன் வயதைக் கணக்கிடுகிறது. ஜெர்மனியின் மிகப் பழைய சிறுவர் பாடகர் குழுக்களில் ஒன்று. 2016-இல் 900 வயது கொண்டாடியது. லைப்சிக்கின் புகழ்பெற்ற தோமாப் பள்ளிகூட 1212-ஐத்தான் தன் பிறந்த வருஷமாகச் சொல்கிறது. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மடம் போயிற்று, பையன்கள் நகரத்து லத்தீன் பள்ளிக்கு மாறினார்கள். ஞாயிறுகளில் கோயிலில் பாடுவார்கள். மற்ற நாட்களில்?

மற்ற நாட்களில் தெருவில் பாடுவார்கள். ஜெர்மானிய நகரங்களில் ஏழை மாணவர்களின் பிழைப்பே அதுதான். கூட்டமாக வீடு வீடாகப் போய் வாசலில் நின்று பாடினால் ரொட்டியோ காசோ விழும். சாவு வீட்டில் பாடினால் கூலி உண்டு, புத்தாண்டுக்கும் உண்டு. சேர்ந்ததைப் பங்கு வைத்துக் கட்டணம், உடுப்பு, மெழுகுவத்திச் செலவைச் சமாளிப்பார்கள். மார்ட்டின் லூதரே சின்ன வயதில் ஐஸனாக்கில் இப்படிப் பாடி வயிறு வளர்த்தவர். நமக்கு இது புதிதா? திருவையாற்றுத் தெருக்களில் தம்பூரோடு உஞ்சவிருத்தி போன தியாகராஜரை நினைத்துக்கொண்டால் போதும். ஒரு வித்தியாசம்: அவருக்கு அது விரதம், இந்தப் பையன்களுக்கு அது பள்ளிக் கட்டணம். இசை என்றால் வசதிப்பட்ட வீட்டு ஆடம்பரம் என்ற எண்ணம் அங்கே எழவே வழியில்லை. குரல் நன்றாக இருந்தால் ஏழைப் பையன் படிக்கலாம்; அதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டின் மேல்தான் ஹாலேயின் பெரிய இசை நின்றது. சந்தைக் கோயிலில் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ஸகௌ ஆர்கன் வாசித்தார். அவரிடம்தான் அந்த ஊர் நாவிதர்-வைத்தியர் வீட்டுப் பையன் ஒருவன் இசை கற்றான். 1685-இல் பிறந்த ஹாண்டெல். அப்பாவுக்கு மகன் வக்கீலாக வேண்டும். (அப்பாக்கள் எங்கும் ஒன்றுதான்.) ஸகௌ 1712-இல் இறந்ததும் அந்த இடத்துக்கு யார் என்று தேடியபோது, வைமாரிலிருந்து வந்து வாசித்துக் காட்டியவர் யோஹான் செபாஸ்டியன் பாக். வேலை கிடைத்தும் 1714-இல் வேண்டாம் என்று எழுதிவிட்டார். 1716-இல் புது ஆர்கனைச் சோதித்துச் சான்று தருவதற்காக மறுபடி ஹாலேக்கு வந்தபோது நகரத்தார் பெரிய விருந்து போட்டார்கள். பட்டியல் இன்னமும் பத்திரமாக இருக்கிறது.

ஹாண்டெல் ஹாலேயை விட்டு ஹாம்பர்க் போன அதே 1703-இல் உடம்பு சுகமில்லாத ஒரு மாணவர் ஹாலேக்கு வந்து சேர்ந்தார். பார்த்தலோமேயு சீகன்பால்கு. இங்கே கதை தமிழுக்குள் நுழைகிறது.

1706 ஜூலை 9. டென்மார்க் அரசர் நாலாம் ஃபிரெடரிக் அனுப்பிய சீகன்பால்கும் புளூச்சௌவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். தமிழ் கற்க சீகன்பால்கு செய்த காரியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளியையே தன் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி, பிள்ளைகளோடு தானும் தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். திண்ணைப் பள்ளியில் பாடம் என்பதே ராகமாகச் சொல்வதுதான். எண்சுவடியும் அப்படித்தான், கொன்றைவேந்தனும் அப்படித்தான். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா மூன்றையும் அவர் 1708-இலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்துவிட்டார். ஹாலேயிலும் பாட்டு, இங்கேயும் பாட்டு. வந்திறங்கிய அடுத்த வருஷமே, 1707-இல், தரங்கம்பாடியில் பள்ளி தொடங்கினார், பெண்பிள்ளைகளுக்கும் வைத்தார். சோறும் துணியும் கொடுத்துப் பிள்ளைகளை வைத்துப் படிப்பிக்கிற முறை, அன்றாடம் சேர்ந்து பாடுவது எல்லாம் அப்படியே ஹாலே அச்சு.

பாட வேண்டுமே, தமிழில் பாட்டு எங்கே? ஃபிரைலிங்ஹௌசன் புத்தகத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தமிழாக்கி அதே மெட்டில் உட்கார வைத்தார்கள். இது எத்தனை சிரமம் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மன் பாட்டு அழுத்தத்தை நம்பி நடக்கும். தமிழ் குறில் நெடிலை நம்பி நடக்கும். அந்த மெட்டுகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு ஸ்வரத்தில் நின்று இழுக்க வேண்டும். தமிழிலோ வரியின் முடிவில் ‘து’, ‘கு’, ‘று’ என்று குற்றியலுகரம் வந்து உட்காரும். பாதி மாத்திரைக்கு மேல் ஒலிக்கக்கூடாத எழுத்தை நாலு எண்ணிக்கை இழுத்தால் ‘வந்தது’ என்பது ‘வந்ததூ’ ஆகிவிடும். இன்றும் பெரிய சபையில் ஆர்கனோடு பாடும்போது இந்த ‘தூ’, ‘கூ’ காதில் விழாமல் இராது. பழகியவர்களுக்கு அதுதான் பக்தி. ஆரம்ப மொழிபெயர்ப்புகளை விடப் பின்னால் வந்த ஃபபிரிசியுஸ் செய்தவை சரளம். 1740-இல் இந்தியா வந்து 1791-இல் சென்னையிலேயே இறந்த அவரும் ஹாலே ஆள்தான்.

பாட்டுப் புத்தகம் அச்சாக எழுத்து வேண்டும். தமிழ் எழுத்துகளை ஹாலேயில் வார்த்து 1713-இல் அனுப்பினார்கள். எழுத்து பெரிதாகப் போய்விட்டது, கடுதாசி தின்றது. லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கித் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்தாக வார்த்துக்கொண்டார்கள். காகிதமும் போதாமல் பொறையாறு பக்கத்தில் ஆலை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று இடத்துக்கே பெயர் வந்துவிட்டது. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துப் போனார்.

ஃபிராங்கேயின் கண்டிப்புக்கு ஒரு சான்று இங்கே சொல்லியாக வேண்டும். சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அந்த மதத்தை ஒழிக்கப் போனவர்கள் அதைப் பற்றி இங்கே பரப்புவதா என்பது அவர் கட்சி. 1867-இல்தான் அது சென்னையில் அச்சேறியது. பாட்டை அனுப்பத் தயாராக இருந்த பள்ளி, பதிலுக்கு வந்ததை வாங்கத் தயாராக இல்லை. ஆனால் அனுப்பிய சுவடிகளையும் கடிதங்களையும் பொருள்களையும் எறியவில்லை. அந்த வகையில் நாம் அதிர்ஷ்டசாலிகள். தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயில் பத்திரமாக இருக்கின்றன.

ஹாலேயிலிருந்து 1750-இல் வந்த சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூரில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். ஒருவர் பின்னால் ராஜாவான இரண்டாம் சரபோஜி. அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியங்களைக் கொண்டு பாண்டு வைத்தவர். மற்றவர் 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார். ஜெர்மன் மெட்டுகளைக் கேட்டே வளர்ந்த சாஸ்திரியார், தான் எழுத உட்கார்ந்தபோது ராகம் தாளம் போட்டுக் கீர்த்தனைதான் எழுதினார். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். கிறிஸ்தவத் தமிழ்ப் பாட்டில் இன்று வரை ஞானப்பாட்டு ஒரு பக்கம், கீர்த்தனை ஒரு பக்கம் என்று இரண்டு ஓடை இருப்பது இப்படித்தான். எனக்குக் கேட்டால் கீர்த்தனைதான் தமிழ் வாய்க்கு வசதி. ஆனால் இருநூறு பேர் ஒன்றாக எழுந்து நின்று பாட ஞானப்பாட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. பயிற்சியே இல்லாதவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதற்காகவே ஆன மெட்டு அது.

தரங்கம்பாடிக்கும் பினாங்குக்கும் நடுவில் கடல் ஒன்றுதான். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கொஞ்ச காலத்திலேயே நாகூர், காரைக்கால் கரையிலிருந்து மரக்காயர்கள் இங்கே கடை போட்டுவிட்டார்கள். சூலியா ஸ்திரீட்டில் நாகூர் தர்காவின் மாதிரியே நிற்கிறது. பின்னால் ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கில் இறக்கியது. அப்படி வந்தவர்களில் தரங்கம்பாடி வட்டாரத்து லூத்தரன் குடும்பங்களும் உண்டு. மலாயாவில் தமிழ் லூத்தரன் சபை 1907-இல் தொடங்கியது. தகரப் பெட்டியில் வேட்டி சேலைக்கு நடுவே பாட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு, அதற்குள் ஹாலே இருக்கிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

பினாங்கிலும் ஒரு பாதிரியார் பள்ளி தொடங்கினார். 1816-இல் ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல். ஃபிராங்கே போலவே இவரும் சந்தா சேர்த்துத்தான் காரியத்தில் இறங்கினார். அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் பிறப்பாகக் கணக்கிட்டு, 2016-இல் இருநூறு ஆண்டு விழா எடுத்தோம். இசை விஷயத்தில் மட்டும் ஹாலே வழி இங்கே வரவில்லை. ஃபிரீ ஸ்கூலில் படித்த பி. ராம்லி, 1929-இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர், சங்கீதம் கற்றது வகுப்பறையில் அல்ல. ஊரில் பாண்டு நடத்திய கமாருதீன் என்பவரிடம்.

ஹாலேக்குத் திரும்பலாம். இத்தனை நடந்தும், பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற வரை ஃபிராங்கே வளாகமும் நகரப் பாடகர் குழுவும் தனித்தனிதான். இரண்டையும் சேர்த்து வைத்தவன் நெப்போலியன். 1806 அக்டோபரில் பிரெஞ்சுப் படை ஹாலேயைப் பிடித்தது. நெப்போலியனின் தம்பி ஜெரோம் வெஸ்ட்ஃபாலியா அரசனாக வந்து உட்கார்ந்தான். ஃபிராங்கே நிறுவனங்களை அப்போது நடத்திய நீமையரைப் பிணையாகப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். காசில்லாத காலம், ஊரில் இத்தனை பள்ளி எதற்கு என்று 1808-இல் நகரத்து லத்தீன் பள்ளியை ஃபிராங்கேயின் லத்தீன் பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். நகரப் பள்ளியோடு ஒட்டிக்கொண்டிருந்த பாடகர் குழுவும் மூட்டை முடிச்சோடு வந்தது. லத்தினா இசைப் பள்ளியான பிறந்தநாள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் 1695-ஐச் சொல்ல மாட்டேன், இந்த 1808-ஐத்தான் சொல்வேன். யாரும் திட்டமிடவில்லை. சிக்கன நடவடிக்கை.

வந்த குழு நல்ல கையில் விழுந்தது. டானியல் காட்லோப் துர்க், விசைப்பலகை வாசிப்புக்கு இலக்கணம் எழுதியவர், அதை நடத்தினார். அவரிடம் வந்து சேர்ந்த பையன்களில் ஒருவன் கார்ல் லோவே. 1796-இல் பிறந்தவன், சாதாரண ஊர்ப் பாடகர்-வாத்தியார் வீட்டுப் பிள்ளை. அவன் குரலைக் கேட்டு ஜெரோம் அரசன் வருஷத்துக்கு 300 தாலர் உதவித்தொகை கொடுத்தான். பின்னாளில் கதைப்பாடல்களுக்கு இசையமைத்து ஜெர்மனி முழுக்கப் பெயரெடுத்தான். நாலு தாலரில் தொடங்கிய இடத்தில் ஒரு பையன் பாட்டுக்கு மட்டும் முந்நூறு.

அடுத்த நூறு வருஷத்தை விட்டுவிடுகிறேன். பள்ளி நடந்தது, பாடினார்கள். 1946-இல் சோவியத் நிர்வாகத்தில் ஃபிராங்கே அறக்கட்டளையின் தனித்தன்மையைப் பறித்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்தார்கள். கிழக்கு ஜெர்மனி காலத்தில் கட்டடங்கள் கவனிப்பில்லாமல் இடிந்தன. வளாகத்தை ஒட்டியே மேம்பாலச் சாலை போட்டார்கள். பாடகர் குழு மட்டும் நிற்கவில்லை. கோயிலைப் பிடிக்காத ஆட்சிக்கும் நன்றாகப் பாடும் பையன்களைப் பிடித்தது. இரண்டு ஜெர்மனியும் சேர்ந்த பிறகு, பால் ராபே என்ற நூலகர் ஓய்வுபெறும் வயதில் வந்து அறக்கட்டளைக்கு உயிர் கொடுத்தார். அறக்கட்டளையோடு லத்தினாவும் பழைய பெயரில் மீண்டும் எழுந்தது.

இப்போது அங்கே சேரும் பையன் பத்து வயதில் வருகிறான். கணக்கு, அறிவியல், லத்தீன் எல்லாம் மற்ற பிள்ளைகளோடு. பாட்டுப் பயிற்சியும் அதே பள்ளி நாளின் பகுதி. பன்னிரண்டு, பதின்மூன்றில் குரல் உடையும். இந்தக் கட்டத்தைச் சிறுவர் குழுக்கள் மிகக் கவனமாகக் கடக்க வைப்பார்கள். உச்சஸ்தாயியில் இருந்தவனை உடனே பாடச் சொல்லி வற்புறுத்தினால் தொண்டை கெடும். கொஞ்ச காலம் ஒதுங்கி இருக்க விட்டு, குரல் படிந்ததும் கீழ்ஸ்தாயிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் எங்கேயும் போகவில்லை, அதே பள்ளியில்தான் இருக்கிறான் என்பதால் இது முடிகிறது. அரசுப் பள்ளி என்பதால் பள்ளிக் கட்டணம் கிடையாது.

நம் ஊரில் கணக்கு வேறு. பியானோ, வயலின் என்றால் மியூசிக் சென்டர், மாதக் கட்டணம், லண்டனிலிருந்து நடத்துகிற கிரேடு பரீட்சை, அதற்குத் தனிக் கட்டணம். பள்ளி விட்டு, தியூஷன் விட்டு, அப்புறம் சங்கீதம். எஸ்.பி.எம் பரீட்சை வருஷம் வந்தால் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான். கட்டண விஷயத்தில் ஃபிராங்கேக்கு நெருக்கமாக இங்கே யாரைச் சொல்லலாம் என்றால், டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நினைவுக்கு வருகிறது. சுவாமி சாந்தானந்தர் 1981-இல் மலேசியாவில் தொடங்கி வைத்தது, பினாங்கிலும் உண்டு. ஃபிராங்கே மருந்துக்கடை வைத்தார், இவர்கள் சாப்பாட்டுக்கடை வைத்தார்கள். வயிறாரச் சாப்பிடு, மனசுக்குத் தோன்றியதைக் கொடு என்று அன்னலட்சுமி என்ற அந்தக் கடையை ஆரம்பித்தபோது இது எத்தனை நாள் ஓடும் என்று சிரித்தவர்கள் உண்டு. ஓடியது. ஆனாலும் அது மாலை வகுப்புதான். பள்ளி அட்டவணைக்குள் சங்கீதம் நுழைந்ததாக ஆகாது.

லத்தினாவுக்கும் ஹாண்டெலுக்கும் உள்ள கணக்கு ஒன்று பாக்கி. அவர் பேரும் புகழும் சம்பாதித்தது ஃபிராங்கே வெறுத்த அதே ஆப்பெராவில், அதுவும் இத்தாலிய ஆப்பெராவில். ஹாலேக்காரர்கள் 1859-இல் சந்தை மைதானத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ஹாண்டெல் விழா எடுக்கிறார்கள். விழாவுக்குப் பாட ஆள் வேண்டும் என்றால் ஃபிராங்கே வளாகத்துப் பையன்களையும் கூப்பிடுகிறார்கள்.